சம்பளம் கேட்காத வேலையாள்

வாங்க மொதலாளி, வாங்க. மாசாமாசம் பங்கு வாங்குறீகளாம்ல? இப்பக் கம்மாக்கரைப் புஞ்சையை வித்து, அந்தக் காசையும் அதுல போடப் போறதா உங்க அம்மா சொன்னா. பேஷ். பத்திரத்துல கையெழுத்து நாந்தான போடணும், அதனால கெழவன் ஒளறலைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போ. கட்டில்ல உக்காருய்யா, உன் கால்சட்டை ஒண்ணும் கசங்காது.

நீ பொறக்கதுக்கு முன்னால நம்ம பொட்டல்ல ஒரு கம்பெனி ஓடுச்சு. பேரு பாறு கம்பெனி. பாறுன்னா பெணந்தின்னிக் கழுகு. மாடு செத்தா அங்க இழுத்துப் போட்டுட்டு வந்துருவோம். வானத்துல மொதல்ல ஒரு புள்ளி தெரியும். கண்ணைக் கசக்கிட்டுப் பாத்தா நாலாகும். அப்புறம் எறங்கும் பாரு, மொட்டைக் கழுத்தை நீட்டிக்கிட்டு, மொதப் பந்திக்கு எடம் பிடிக்குற சம்பந்திக மாதிரி ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு! ஒரு மணி நேரத்துல எலும்புதான் மிச்சம். நாத்தம் கெடையாது. கூலின்னு சல்லிக்காசு கேட்டதில்ல. கேக்காதவனுக்கு எங்க மருவாதி? காலையில கண்ணுல பட்டா உன் பாட்டி காறித் துப்புவா.

அப்புறம் மாட்டுக்கு வலி ஊசி வந்துச்சு, டைக்ளோபினாக்குன்னு. 1990கள்ல வெலை சல்லிசாப் போகவும் ஊரெல்லாம் குத்துனோம். ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ன பாறுக்கெல்லாம் கிட்னி போச்சு. 1992ல ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த எடத்துல 2007ல ஒண்ணு. 2006ல மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை பண்ணாக. அதுக்குள்ள காலி வேலைக்கு நாயும் எலியும் சேந்துருச்சு. வெறிநாய்க்கடி ஒரு பக்கம், கெட்ட தண்ணி ஒரு பக்கம். ரெண்டு பொருளாதாரக்காரக போட்ட கணக்கு 2024ல வந்துச்சாம், உன் தங்கச்சி வாசிச்சுச் சொன்னா: 2000லேர்ந்து 2005க்குள்ள அஞ்சு லட்சம் பேரு கூடுதலாச் செத்திருக்காக. நட்டம் வருசத்துக்கு 6,900 கோடி டாலராம். ரூவாயாக்கிப் பாத்தேன், விரலு பத்தல. அம்புட்டுச் சம்பளத்துக்குத் தகுந்த ஆளுக்கு நாம குடுத்த போனஸ் ஊசி!

என்ன, செல்லைப் பாக்குற? கழுகுக்கும் என் பங்குக்கும் என்னன்னுதான? 2019ல, கொரோனா பேரே கேள்விப்படாத காலத்துல, சென்னை ஓ.எம்.ஆர்ல கம்பெனிக வீட்டுலேர்ந்தே வேலை பாருன்னு ஆளுகளை அனுப்புச்சுல்ல? கக்கூசுக்குத் தண்ணியில்ல. ஜோலார்பேட்டையிலேர்ந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல வந்துச்சு தண்ணி, நடைக்கு 25 லட்சம் லிட்டர். கூப்பிடு தூரத்துல பள்ளிக்கரணை. ஒரு காலத்துல 5,000 ஹெக்டேர் சதுப்பு, மழையைப் பிடிச்சு வச்சுப் பைய மண்ணுக்குள்ள எறக்குன வேலைக்காரன். அவன் நெஞ்சு மேல கட்டடத்தைக் கட்டிட்டு அவனையே தண்ணி கேட்டா?

டாவோஸ்ல உலகப் பொருளாதார மன்றம்னு கோட்டுப் போட்டுக் கூடுறாகளே, அவுகளே 2020ல சொல்லிட்டாக: உலக வருமானத்துல பாதிக்கு மேல, 44 லட்சம் கோடி டாலர், இயற்கை கையை நம்பித்தான் ஓடுதுன்னு. (வெலை போட்டுட்டாகளே, இனி வித்துருவாகளோன்னும் எனக்கு ஒரு பயம்.)

நீ பங்கு வாங்குற கம்பெனியோட ரிப்போர்ட்டைக் காட்டுனியே, பாத்தேன். அட்டையில பச்சை இலை, இலை மேல ஒரு சொட்டுத் தண்ணி. அந்தச் சொட்டுத்தான் கம்பெனி மிச்சம் வச்சது போல! பங்குச் சந்தையை மேய்க்குற செபிக்காரன் 2022-23லேர்ந்து பெரிய கம்பெனிக ஆயிரத்தைப் பிடிச்சு எழுத வச்சிருக்கான்: எவ்வளவு தண்ணி எடுத்த, ஆத்துலயா, நெலத்தடியிலயா, வெலைக்கு வாங்குனியான்னு. லாபப் பக்கத்தை மனப்பாடமா ஒப்பிக்குறியே, தண்ணிப் பக்கம் எது? கெணறு வத்துனா மறுநாளு அவன் எதை வச்சு மில்லு ஓட்டுவான்? அந்த நட்டம் மேனேஜர் தலையிலயா, உன் தலையிலயா?

பத்திரம் அந்த மாடாக்குழியிலதான் இருக்கு, பேனாவும் இருக்கு. நீ தண்ணிப் பக்கத்தைத் தேடிக்கிட்டு இரு, நான் மாட்டைக் கம்மாய்க்கு விட்டுட்டு வாரேன். வந்து கேப்பேன். அதுக்குள்ள ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சு ஓடிராத, மொதலாளி.