பழுப்புப் பொன்னரசே, வாழி!

மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் யோகநித்திரை கொண்டு, எங்கள் கடலூர்ச் சீமையை உய்விக்க எழுந்தருளிய நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் பெருமானே! மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் நின்று கைகூப்பி உமது திருப்புகழைப் பாடுகிறேன்.

1930களில் கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியாருக்கு முகம் காட்டி அருளினீர். அவர் 600 ஏக்கருக்கு மேல் தானமாகவே தந்தார். 1956இல் உமக்கென்று ஒரு நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டே நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். அன்று தொட்டு நிலம் கொடுக்கும் பேறு எங்கள் பக்கத்தாரை விட்டு நீங்கவேயில்லை. ஒருவர் மனமுவந்து செய்ததை, மனம் வராதவர்களையும் செய்யவைத்த உமது கீர்த்தியே கீர்த்தி!

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். நீரோ முல்லை படர்ந்த கொல்லையையே மண்வாரித் தேருக்கு ஈந்தீர். எவர் பெரிய வள்ளல்?

முன்பெல்லாம் நெய்வேலிப் பக்கத்தில் பூமியைத் துளைத்தால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கும். சும்மா வரும் நீரால் உழவன் சோம்பிக் கெடுவானே என்று உமது தாயுள்ளம் பதறிற்று. சுரங்கம் மூழ்காதிருக்க இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்தீர். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர். பாட்டன் காலத்து ஊற்றை மறந்து, கடன் வாங்கி சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கும் அளவுக்கு உழவரை விஞ்ஞானத்தில் உயர்த்தினீர்.

உமது நகரியத்தில் வட்டம் வட்டமாக நிழல்மரச் சாலைகள். அந்தச் சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக நடக்கும் பாக்கியத்தை நிலம் தந்தவர் பிள்ளைகளுக்கும் வைத்தீரே, அந்தக் கருணைக்கு ஈடுண்டா! மின்சாரம் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று திக்விஜயம் போகிறது. கசக்ஸ்தான் புல்வெளியிலும் உமது உறவினரான கரி வாழும் எகிபாஸ்துஸ் என்றொரு நகரம் உண்டு. 2022 நவம்பரின் கடுங்குளிரில் அங்கே வீடுகளுக்கு வெப்பம் வராமல் மக்கள் நடுங்கினார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பக்குவப்படுத்துவது உமது குலவழக்கம் போலும்.

உமக்கு மேலே கிடந்த வெள்ளைக் களிமண்ணையும் மறவாமல் விருத்தாசலத்துச் சூளைகளுக்கு அனுப்பினீர். அதில் சுட்ட பீங்கான் அகல் ஒன்று என் கையில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது; விளிம்பில் மெருகு வழிந்து உறைந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான மெகாவாட்டை ஊருக்கெல்லாம் அளித்துவிட்டு, மின்வெட்டுக்கு உதவட்டும் என்று எங்களுக்கு இதை வைத்த முன்யோசனையை எந்த நாவால் புகழ்வேன்!

ஆயினும் உமது வீரத்தின் சிகரம் வளையமாதேவிக் கிராமம்தான். 2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, பச்சை நெல்லுக்குள் பொக்லைன்களைப் படையாக நடத்தினீர். எதிர்த்து நிற்கத் தெரியாத பயிரை வென்ற பேராண்மை! இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அறுவடை ஆகியிருக்கும். காத்திருப்பது சக்கரவர்த்திகளுக்கு அழகா? உயர் நீதிமன்றமே மனம் கலங்கிற்று. ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

அந்த வயல்களில் அந்தப் போகம் அறுவடை நடக்கவில்லை.