ஆறு கொடுத்த மண்

கேள்வி: ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் தென்பெண்ணை என் நிலத்தில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது. 'ஆறு கொடுத்தது, அத்தனையும் உரம், அப்படியே உழு' என்கிறார் பங்காளி. உழலாமா?
- ஒரு விவசாயி, மணலூர்பேட்டை

பதில்: பங்காளி நிலத்திலும் மண் ஏறியிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்!

2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. அந்த வெள்ளம் வேகமாக ஓடிய இடத்தில் மணலைப் போட்டது. தேங்கிய இடத்தில் வண்டலைப் படியவிட்டது. ஒரே நிலத்தில் இரண்டும் இருக்கலாம். ஒரு பிடி எடுத்து நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். திரியாக நீண்டால் களியும் வண்டலும், தாராளமாக உழலாம். பொலபொலவென்று உதிர்ந்தால் மணல். மெல்லிய படிவு என்றால் தொழுவுரத்தோடு கலந்து உழுங்கள். முழங்கால் உயரம் என்றால் வழித்தெடுப்பதுதான் வழி. (அனுமதி வாங்காமல் லாரியில் ஏற்றிவிடாதீர்கள், மணலுக்கு இன்று நெல்லைவிட மவுசு.) மணல் மண்ணில் யூரியாவை மொத்தமாகப் போட்டால் பயிருக்கு முன்பே கிணறு அதைக் குடித்துவிடும். பிரித்துப் பிரித்துப் போடுங்கள்.

பழைய மண்வள அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அது அடியில் புதைந்த நிலத்தின் ஜாதகம். புதிதாக மாதிரி எடுங்கள். நெல்லுக்கு 'வி' வடிவக் குழி, அரையடி ஆழம், பத்துப் பதினைந்து இடம், கலந்து கால் பங்கிட்டு அரைக் கிலோ. வரப்போரம், மர நிழல், எருக்குப்பை பக்கம் எடுக்க வேண்டாம். பங்காளி நிலத்தில் எடுக்கவே வேண்டாம்.