நிற்கத் தெரிந்தால் தங்கம்

சிவகாசிப் பக்கத்து நாரணாபுரத்து இளைஞர்களே, பட்டாசு மருந்தோடு எதற்கு மல்லுக்கட்டு? நகைக்கடையில் சேருங்கள். அங்கே எதுவும் வெடிக்காது, பவுன் விலை கேட்ட வாடிக்கையாளரைத் தவிர.

பட்டம் இருந்தால் தவறில்லை. கால் இருந்தால் போதும். ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை சிரித்தபடி நிற்கலாம். இந்த அருமையான உடற்பயிற்சியைக் கெடுக்கவென்றே 2021-இல் தமிழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தரச் சொன்னது. பயப்படாதீர்கள். இருக்கை வந்தால் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துகொள்வார்கள்.

கற்க வேண்டிய கலை சேதாரம் ஒன்றுதான். சிந்தாத தூளுக்கு முகம் வாடாமல் காசு கேட்பது. 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம், மிச்சத்துக்கு உங்கள் புன்னகை.

ஊர் ஞாபகம் வந்தால் சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள்; சிவகாசியில் அச்சானதாகத்தான் இருக்கும்.

பதவி உயர்வும் உண்டு: கொலுசுத் தளத்திலிருந்து வைரத் தளத்துக்கு, படி வழியாக. தங்கைக்குக் கல்யாணம் என்றால் அதே கடையில் நகைச்சீட்டு சேருங்கள். சம்பளம் வெளியே அலையாமல் முதலாளி வீட்டுக்கே பத்திரமாகத் திரும்பும்.

சேதாரத்தில் மட்டும் ஊழியர் சலுகை கேட்காதீர்கள்.