ஆத்துல போட்டுட்டுக் கொளத்துல தேடறவன்

வாடா மாப்ள, ஒக்காரு. ஸ்கேனர் வச்சிருக்கவன், பம்பு பிரிக்கிறவன், செல்போன்ல படம் காட்டறவன் எல்லாருக்கும் காச அழுதுட்டு, கடைசியில ஓசி யோசனைக்கு மாமன் ஞாபகம் வந்திருக்கு. வந்த வரைக்கும் சந்தோசம்.

நீ பாத்த வைத்தியத்த நானும் கேள்விப்பட்டேன். செராமிக் பேட்டையில லோடு ஏத்திக்கிட்டு உளுந்தூர்பேட்டை தாண்டறதுக்குள்ள வண்டி மூச்சு வாங்குது, மேம்பாலம் ஏற மாட்டேங்குது, அப்பறம் நின்னே போயிடுது. ஸ்கேனர் மாட்டுனதும் பி 0087ன்னு வந்துதாம். ரெயில்ல டீசல் அழுத்தம் கம்மின்னு அர்த்தம். ஒடனே இஞ்செக்டர் ஆறையும் கழட்டிட்டீங்க. ஆறும் நல்லாருக்குன்னு தெரிஞ்சும் மனசு ஆறல, ஹை பிரஷர் பம்பையும் பிரிச்சிப் போட்டுட்டீங்க. அடுத்தது காணிய வித்து இஞ்சினையே மாத்தற திட்டம் இருக்குமே? பலே. நம்ம மணக்கொல்ல கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகத்துல மெக்கானிக்கா இருந்துக்கிட்டு ‘நெடுஞ்சாலை’ன்னு நாவலே எழுதுனாரு. நீ மெக்கானிக்குக்குக் காசு குடுத்தே காவியம் எழுதிட்ட.

மிஷினு பொய் சொல்லலடா. கம்மின்னுதான் சொல்லிச்சி. எங்க கம்மியாச்சின்னு அது சொல்லாது. டீசலு டேங்க்லேர்ந்து பொறப்பட்டு, தண்ணி பிரிக்கிற பில்டரு, பீட் பம்பு, பெரிய பில்டரு எல்லாத்தையும் தாண்டித்தான் ஹை பிரஷர் பம்புக்கு வருது. வந்தத்தான் அது அழுத்தும். வரவே இல்லன்னா எத அழுத்தும், ஒன் தலையவா?

ஆத்துல போட்டதக் கொளத்துல தேடி எடுத்தவரு ஒரே ஆளு, சுந்தரர். இங்க நம்ம விருத்தாசலத்துப் பழமலைநாதர்கிட்ட 12,000 பொன்ன வாங்கி மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூரு கமலாலயத்துல எறங்கி எடுத்தாரு. அவரு நாயனாரு, கெடச்சிது. நீ டேங்க்ல தொலச்சத இஞ்செக்டர்ல தேடற. ஒனக்கு பில்லுதான் கெடைக்கும்.

அவரே சும்மா போடல பாரு. ஒரு துண்ட மச்சமா, அதான் மாதிரிக்கு, வெட்டி வச்சிக்கிட்டுத்தான் போட்டாரு, பின்னால மாத்துப் பாக்க. சாமி குடுத்த பொன்னுக்கே மச்சம்! நீ பங்குல ரொப்பற டீசலுக்கு என்னைக்காவது கண்ணாடிப் பாட்டில்ல மச்சம் புடிச்சியா? ராத்திரி ஆடாம வச்சிருந்தா தண்ணி அடியில தங்கிடும். மண்ணெண்ண கலந்திருந்தா பாட்டிலு காட்டிக் குடுக்காது. அது பம்ப உள்ளாற தேச்சிட்டு அப்பறமாத்தான் தன்னக் காட்டும்.

சரி, ஒரே ஒரு கேள்வி. நின்ன வண்டி பத்து நிமிசம் கழிச்சி செல்ஃப் அடிச்சா எடுக்குதா? எடுக்குது. கொஞ்ச தூரம் நல்லா ஓடுது. மறுபடி நிக்குது. ஏண்டா, தேஞ்சி போன பம்பு நீ டீ குடிக்கிற நேரத்துல வளந்துக்குமா? இத ரோசிச்சிருந்தா வீட்டுல ரெண்டு பவுனு மிஞ்சியிருக்கும்.

போன வருசம் டேங்கு மூடி தொலஞ்சப்ப பனியன் துணியச் சுருட்டி அடச்சியே, அந்தத் துணி எங்க? தெரியாதா? டேங்குக்குத் தெரியும். இஞ்சின் இழுக்கறப்ப துணி வந்து சக்சன் கொழா வாயில ஒட்டிக்கும். லோடு ஏறினா இழுவ ஜாஸ்தி, இன்னும் இறுக்கமா ஒட்டும். இஞ்சின் நின்னதும் இழுவ விட்டுப் போயி துணி நழுவிடும். நீ சாமி கும்புட்டு செல்ஃப் அடிப்ப, வண்டி எடுத்துடும், தேங்கா ஒடச்சது பலிச்சிதும்ப.

துணி இல்லன்னா மூச்சுக்குழல். டீசல் கொறையக் கொறைய டேங்குக்குள்ள காத்து வரணும். நீ போறப்ப ஏத்தறது பீங்கான், வரப்ப களிமண்ணு, வழியெல்லாம் முந்திரிக்காட்டுச் செம்மண்ணு. எல்லாம் சேந்து அந்தத் தம்மாத்துண்டு ஓட்டைய அடச்சிடும். வண்டி நின்ன ஒடனே மூடியத் தொறந்து பாரு, புஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சின்னா கதை முடிஞ்சிது. செலவு ஒரு துண்டு கம்பி.

அதுவும் இல்லயா, காத்து எங்கயோ திருட்டுத்தனமா நொழயிது. பீட் பம்புக்கு முன்னால இருக்கறதெல்லாம் இழுக்கற பக்கம். அங்க காப்பர் வாசரு சரியா ஒக்காரலன்னா, ஓசு வெடிச்சிருந்தா, டீசல் வெளிய சொட்டணும்னு இல்ல, காத்துதான் உள்ள போவும். நீ தரையப் பாத்துட்டு ஒழுகலன்னு சந்தோசப்படுவ. காலையில ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாத்தான் எடுக்குதுன்னாலே சந்தேகப்படணும். நடுவுல ஒரு கண்ணாடி ஓசு மாட்டிப் பாரு, குமிழி ஓடறது தெரியும். இன்னும் சுளுவா வேணுமா? சுத்தமான டீசல ஒரு கேன்ல ரொப்பி, அதுலேர்ந்து நேரா பீட் பம்புக்கு ஓசு போட்டு ஓட்டிப் பாரு. வண்டி நல்லா இழுத்துதுன்னா கோளாறு டேங்குப் பக்கம். இழுக்கலன்னா பம்புப் பக்கம், பில்டர் பக்கம்.

பில்டருன்னதும் நெஞ்ச நிமித்தற. புதுசு மாத்தினேன்ங்கற. எந்தக் கடையில, பாதி வெலைக்குக் குடுக்கறானே அங்கயா? அதுல பில்டருக்குள்ள கேன் டீசல ரொப்பி மாட்டினதா வேற சொல்ற. வடிகட்ட வேண்டியத வடிகட்டின பக்கமே ஊத்திட்டு, இஞ்செக்டரு ஏன் கெடுதுன்னு என்னக் கேக்கற. காமன் ரெயில் வண்டிக்குக் காலியா மாட்டி, கை பம்புல அமுக்கித்தான் ஏர் எடுக்கணும். பில்டருக்கு முன்னால ஒரு கேஜு, பின்னால ஒரு கேஜு வச்சிப் பாரு. லோடுல ரெண்டுக்கும் வித்தியாசம் மேனுவல்ல போட்டிருக்கறதத் தாண்டுனா பில்டரு அடச்சிருக்கு.

இத்தனையும் சரின்னாத்தான் இஞ்செக்டரு வாசல்ல நிக்கணும். அப்பவும் கழட்டாத. ஒவ்வொரு ரிட்டன் கொழாயையும் ஒரு சின்ன பாட்டில்ல விட்டு ஐடிலிங்ல ஓட்டு. எந்த பாட்டிலு சீக்கிரம் ரொம்புதோ அந்த இஞ்செக்டருதான் அழுத்தத்தக் கசிய விடுது. ரெயில்ல இருக்கற பிரஷர் லிமிட்டர் வால்வு ரிட்டன்லயும் டீசல் வருதான்னு பாரு, வரக்கூடாது.

இங்க மட்டும் கிண்டல் இல்ல, காதக் குடு. பழய மைக்கோ பம்பு காலத்துல கொழா நட்ட லூசு பண்ணி செல்ஃப் அடிச்சி ஏர் எடுத்தோம். அத இதுல செய்யாத. ஒன் டயர்ல இருக்கறது 8 பாரு சொச்சம். லோடுல ரெயிலுக்குள்ள 1,600 பாருக்கு மேலயும் போவும். கசிவு எங்கன்னு கையால தடவுனா டீசலு தோலக் கிழிச்சிக்கிட்டு சதைக்குள்ள போயிடும். பாத்தா ஊசி குத்துன புள்ளிதான் தெரியும், ஆனா ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடலன்னா விரலு போயிடும். தேடணும்னா அட்டையப் புடிச்சிப் பாரு. இஞ்சின் நின்ன பெறவும் செத்த நேரம் ஆறப் போட்டுட்டுத்தான் நட்டுல கை வைக்கணும்.

புதுப் பம்புக்கு அட்வான்சு குடுக்கக் காசோடதான வந்திருக்க? ரெண்டு டீ சொல்லிட்டு மிச்சத்தக் கொண்டு போயி ஒம் பொண்டாட்டிக்கிட்ட குடு. வரப்ப டார்ச்சும் கொக்கிக் கம்பியும் எடுத்தா, டேங்கத் தொறப்போம். துணி வெளிய வந்தா தொவச்சிப் போட்டுக்கலாம், ஒன் பனியன்தான.