பின்கட்டு நீட்டிப்பில் கழிவுநீர்ச் செல்நெறி: ஓர் ஆய்வு

தமிழர் இல்லற வாழ்வில் வீடு முதல்முறை கட்டப்படுவது ஆசையால்; இரண்டாம் முறை இழுத்துக் கட்டப்படுவது மகனுக்குப் பெண் பார்த்ததால். அட்டாச்டு பாத்ரூம் இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்பதால், பின்பக்கம் ஓர் அறையும் அதற்குள் ஒரு குளியலறையும் எழும்புகின்றன. அவ்வறையில் கட்டில் எந்தத் திசை, டைல்ஸ் என்ன நிறம் என்பவை குறித்து ஆழ்ந்த விவாதங்கள் நடந்துள்ளன. உள்ளே ஊற்றிய தண்ணீர் வெளியே எப்படிப் போகும் என்பதைப் பற்றி மட்டும் குடும்பத்தில் எவரும் வாய் திறந்ததாகச் சான்றில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். சென்னைப் புறநகரின் பழைய தனி வீடுகளே ஆய்வெல்லை. அடுக்குமாடிகள் சேர்க்கப்படவில்லை, அங்கே மேல்வீட்டுக்காரர் என்பதே தனித் துறை.

முன்னோர் இத்துறையில் சளைத்தவர் அல்லர். மொகஞ்சதாரோவில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செங்கல் பாவி மூடிய வடிகால்கள் இருந்தன. கீழடியில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கலைஞர், குழாயை வளைத்து அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும்படி செய்து காப்புரிமை பெற்றார். நம் வீட்டு டிராப்பில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீரின் தத்துவமும் அதுதான்: தெருச் சாக்கடையின் வாடைக்கும் நம் மூக்குக்கும் நடுவே அதைத் தவிர வேறு தடுப்பு இல்லை. விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் குளியலறை நாறுவது அந்தத் தண்ணீர் காய்ந்துபோவதால். ஒரு குவளை ஊற்றினால் தீரும் வியாதிக்கு ஊதுவத்தி கொளுத்தி வருகிறோம்.

இனி, கொள்கைகள். வாஸ்து மரபினர் வடகிழக்கு தாழ்ந்திருக்க வேண்டும், செப்டிக் டேங்க் வடமேற்கில் இருக்க வேண்டும் என்பர். குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் சாக்கடைக் குழாயோ தெற்குத் தெருவில் ஓடுகிறது; அதற்கு யாரும் ஜாதகம் பார்க்கவில்லை. மேஸ்திரி மரபு வாய்மொழியானது. களப்பணியில் பதிவான உரையாடல் ஒன்று:

“மேஸ்திரி, இந்தத் தண்ணி எங்க போகும்?”

“போகும் சார்.”

“எங்க?”

“அதுக்குன்னு ஒரு வழி இருக்குமில்ல சார். பூச்சு வேலை முடியட்டும், பாத்துக்கலாம்.”

இக்கொள்கையை எதிர்க்கக் கணக்கு ஒன்றே கருவி. நாலு இஞ்ச் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று வாட்டம் வேண்டும். அதாவது நாற்பது அடி ஓடினால் ஓரடி இறங்க வேண்டும். புதுக் குளியலறையிலிருந்து பக்கவாட்டுச் சந்து வழியாக வாசல் சேம்பருக்கு, அதாவது வாசலில் உள்ள கழிவுநீர்த் தொட்டிக்கு, ஐம்பது அடி என்று கொள்வோம். இறக்கம் 15 அங்குலம். வாசல் சேம்பரின் ஆழம் ஒன்றரை அடி என்றால் கையில் மிஞ்சுவது 3 அங்குலம். குழாயே நாலு அங்குலம்! டிராப், கான்கிரீட், டைல்ஸ் ஆகியவற்றுக்கு இடம் கேட்டால் கணக்கு சிரிக்கிறது. எனவேதான் நம் ஊரில் மூன்று படி ஏறிப்போகும் குளியலறைகள் காணப்படுகின்றன. அரியணைக்கு ஏறுவதுபோல ஏறலாம். இறங்கும்போது மாமியாரின் முட்டிதான் மறுப்புரை எழுதும். வாட்டத்தைக் கூட்டினால் தண்ணீர் முந்தி ஓடி, கூட வரவேண்டியதை வழியில் விட்டுவிடும் என்பது பழைய பிளம்பர்களின் துணிபு.

ஆகவே முதல் வேலை வாசல் சேம்பரின் மூடியைத் தூக்கி அடிமட்டத்தை அளப்பது. டியூப் லெவல் பிடித்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வந்தால் புதுத் தரையின் உயரம் தானே கிடைக்கும். நடைமுறையில் தரையை முதலில் போட்டுவிட்டுக் குழாயைக் கெஞ்சுகிறார்கள்.

அடுத்து, மறைந்த சேம்பர். பின்பக்கம் திறந்த வெளியாக இருந்த காலத்தில் அங்கே கட்டிய பழைய சேம்பர்மீதே புது அறை எழும்புகிறது. பூஜை அறையின் கோலத்துக்கு நேர் கீழே அது அமைந்த வீடுகளும் உள. தீபாவளியன்றுதான் அடைப்பு வருகிறது என்பதில் அமானுஷ்யம் ஏதுமில்லை: அன்று வீட்டில் ஆள் அதிகம், பலகாரச் சட்டியைக் கழுவிய எண்ணெயும் அதிகம். குழாய்க்குள் குளிர்ந்து உறைந்த எண்ணெயில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொள்கிறது. பிறகு கடப்பாரை, இரண்டு டைல்ஸ், குலதெய்வத்திடம் மன்னிப்பு. சேம்பரை அறைக்கு வெளியே நகர்த்தி, குழாய் திரும்பும் இடந்தோறும் ஒன்று கட்டியிருந்தால் இவை மூன்றும் மிச்சம்.

மழைநீர் தனி அத்தியாயம். 300 சதுர அடி புது மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 2,800 லிட்டர் இறங்கும். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனாலும் கீழே வரும் குழாயைக் கைக்கெட்டிய சாக்கடைச் சேம்பரில் சொருகும் வழக்கம் ஒழியவில்லை. தாருக்கு மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துவிட்ட இடங்களில் இது இன்னும் விபரீதம். பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்னும் விதி பல தெருக்களை இன்னும் எட்டவில்லை. தெரு மேன்ஹோல் நிரம்பினால், அதைவிடத் தாழ்ந்த தரையில் இருக்கும் நஹானி டிராப் (குளியலறைத் தரையின் வடிகால் வாய்) வழியே ஊர்த் தண்ணீர் உள்ளே வரும். புது மருமகளின் குளியலறையில் அது முதலில் வரக்கூடும். நான்-ரிட்டர்ன் வால்வு அதைத் தடுக்கும். தரைமட்டத்தை முன்பே யோசித்திருந்தால் வால்வின் தேவையும் குறையும்.

ஆய்வாளன் வீட்டுக்காரரிடம் வைக்கும் கோரிக்கை ஒன்றே: குழாய் பதித்ததும் மண்ணைப் போட்டு மூடவிடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வாசல் சேம்பரில் அது வந்து விழுவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு குழாயோரம் டேப்பை விரித்துவைத்து, சுவரும் தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.