இலை வரைதலில் தூரிகைத் தேர்வு: பொருநைக் கரைச் சுவர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பொருநை என்கிற தாமிரபரணிக் கரையில் ஓவியம் என்றதும் அறிஞர்கள் திருப்புடைமருதூருக்கு வண்டியேறிவிடுகிறார்கள். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஐந்து நிலையும் மூச்சு வாங்க ஏறி, கப்பலில் வந்த குதிரைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நல்லது. ஆனால் இங்குள்ள சுவர்களில் ஓயாமல் வரையப்பட்டது குதிரை அன்று, இலை. அதுவும் இரட்டை. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் மாயத்தேவர் நின்று வென்ற அந்தச் சின்னம் பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை மதில்தோறும் தழைத்திருந்தும், அதை வரைந்த தூரிகையை அறிவுலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

முதலில் தாவரவியல். இது எந்த மரத்து இலை? வேம்பு, புன்னை, மருதம் எதனோடு வைத்துப் பார்த்தாலும் ஒட்டவில்லை. ஆரியங்காவைத் தாண்டினால் இரட்டை இலை கேரள காங்கிரஸ் (மாணி) கட்சிக்குச் சொந்தம். ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் வளர்வது, தேர்தலுக்குத் தேர்தல் துளிர்ப்பது என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

இனிக் கருவி. 12ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் சோமேசுவரனின் மானசோல்லாசம் என்ற நூல் தூரிகைக்குக் கன்றுக்குட்டியின் காது மயிரைச் சொல்கிறது. மேலப்பாளையம் சந்தையில் கன்றுக்குக் குறைவில்லை. ஆனால் இருபதடி மதிலுக்கு எத்தனை காது வேண்டும்? முகலாய ஓவியர்கள் அணில் வாலை நம்பினார்கள். சொரசொரத்த சுண்ணாம்புச் சுவர் அதை முதல் இலையிலேயே தின்றுவிடும். கீரி மயிரோ, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நம்மை உள்ளே தள்ளிவிடும்.

ஆக, மிஞ்சுவது இரண்டு இஞ்ச் தட்டை பிரஷ்தான். புதிது ஆகாது, மயிர் உதிர்ந்து பெயின்டில் ஒட்டும். நாலைந்து மதில் பார்த்து, ஓரம் தேய்ந்து, நுனி சற்றே வளைந்த பிரஷ்ஷே உத்தமம். காம்பருகே அதைக் குறுக்குவாட்டில் நிறுத்தி, வயிற்றுப் பகுதியில் அழுத்தி, நுனி வரும்போது மணிக்கட்டைத் திருப்பி எடுத்தால் பாதி இலை. எதிர்ப்புறம் அதேபோல் இன்னொன்று. நடுவே விடும் இடைவெளியில் தெரிகிற சுவரின் வெள்ளையே நடுநரம்பு; அதற்குத் தனிப் பெயின்ட் செலவு கிடையாது. கிளை நரம்புகளை ஈரம் காயுமுன் பிரஷ் காம்பின் பின்முனையால் கீறிவிடலாம். இதில் அரை நூற்றாண்டு அனுபவச் சாறு இருக்கிறது. "அண்ணாச்சி, பாதி எலைக்கு ஒரே இழுப்புதான். மேல ஒண்ணு இழுத்தியன்னா பூசணிக்கா ஆயிரும்" என்றார் ஒரு பெயின்டர். இதைவிடச் சுருக்கமான அழகியல் கோட்பாட்டை நான் வாசித்ததில்லை.

இலையற்ற காலங்களும் உண்டு. கட்சி பிளந்து சின்னம் முடக்கப்பட்டதால் 1989 சட்டமன்றத் தேர்தலில் சேவலும் இரட்டைப் புறாவும் வந்தன. இலைக்குப் பழகிய பிரஷ் இறகுக்கு மசியுமா? அந்தச் சேவல்களின் வால்கள் இலை இலையாக இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. 2017இல் சின்னம் மறுபடி முடங்கியபோது வந்த தொப்பியும் மின்கம்பமும் சென்னை ஆர்.கே. நகரோடு போயின, பொருநைக் கரை தப்பியது.

கடைசிக் கருவி, சுண்ணாம்பு அடிக்கும் நார்மட்டை. வரையுமுன் சுவரை வெளுப்பதும் அதுதான். தேர்தல் தேதி அறிவித்ததும் இலையை அழிப்பதும் அதுதான். பொது இடங்களை அலங்கோலமாக்குவதற்கு எதிராக 1959 முதலே சட்டம் இருக்கிறது. ஆனால் எனாமல் இலை ஒரு கோட் சுண்ணாம்புக்குள் அடங்காது. பச்சை எட்டிப் பார்க்கும். இரண்டாவது கோட்டுக்குக் கூலி தனி.