பானெட் மாமா

தெருவில் ஒரு காரின் பானெட் உயர்ந்தால் போதும், அவர் வந்துவிடுவார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. மடித்துக் கட்டிய கைலி, ஏதோ ஒரு சிமென்ட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த டி-ஷர்ட், கையில் பத்து-பதினொண்ணு ஸ்பேனர். சொந்தமாகக் கார் கிடையாது. இருந்ததை எப்போதோ விற்றுவிட்டார். ஏன் விற்றீர்கள் என்று கேட்டால், "அந்த விலைக்கு அப்புறம் எவன் கேட்பான்?" என்பார். ஸ்டார்ட் ஆகாததால்தான் என்று மாமி சொல்வாள்.

நங்கநல்லூரோ மதுரை எல்லீஸ் நகரோ, இவர் இல்லாத தெரு கிடையாது. சில ஊர்களில் அண்ணன், சில ஊர்களில் பெரியப்பா. வைத்தியம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"என்ன தம்பி, எடுக்கலையா?" என்பது முதல் கேள்வி. அது கேள்வியே இல்லை, உள்ளே வருவதற்கான அனுமதிச் சீட்டு. "ஒரு செல்ஃப் அடிங்க." அடித்தால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் வரும். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பேட்டரி" என்பார்.

"இல்ல மாமா, போன மாசம்தான் புதுசு போட்டேன்."

"அப்போ ஹாரன் அடிங்க."

அது ஊர் அதிர அடிக்கும்.

"பேட்டரி நல்லாருக்கு. செல்ஃப் மோட்டார் போச்சு."

தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. குரலில் ஒரு நடுக்கம் வேண்டுமே? கிடையாது.

இந்த ஹாரன் சாஸ்திரம் தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியது. ஹாரன் அடிக்கச் சில ஆம்பியர் கரண்ட் போதும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்தால் பத்து ஆம்பியருக்குப் பக்கத்தில் வரும். செல்ஃப் மோட்டார் அப்படியில்லை. சின்னக் காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்போ, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையில் தளர்ந்த ஒரு போல்ட்டோ 0.02 ஓம் தடை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாரனுக்கு அது தெரியவே தெரியாது. 150 ஆம்பியர் இழுக்கும் செல்ஃபுக்கோ பேட்டரியின் 12 வோல்ட்டில் மூன்று வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். அப்போது வருவதுதான் அந்த 'டிக்'. பேட்டரியும் நல்லது, மோட்டாரும் நல்லது. நடுவில் இருக்கும் ஒரு போல்ட் சரியில்லை. ஆனால் ஒரு போல்ட்டைக் குற்றவாளி என்று சொல்வதில் மாமாவுக்கு என்ன கௌரவம் இருக்கிறது?

கால மாற்றத்துக்கு ஏற்ப அவரும் மாறியிருக்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்பாசிடர், பத்மினி காலத்தில் எதற்கெடுத்தாலும் பாயிண்ட், கண்டென்சர்தான். உப்புத்தாளை மடித்துப் பாயிண்ட்டைத் தேய்த்து, தீப்பெட்டி அட்டையைச் செருகி கேப் பார்ப்பார். ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அடிக்கும் ஹேண்டில் விரலை உடைத்துவிடும் என்று வளைந்த தன் கட்டைவிரலைக் காட்டிப் பாடம் எடுப்பார். அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் என்பவர் உருவாக்கிய மின்சார செல்ஃப், 1912-ஆம் வருட மாடல் கேடிலாக்கில் வந்து கைச்சுற்றலுக்கு ஓய்வு கொடுக்கத் தொடங்கியது. மாமாக்களுக்கு இன்னும் ஓய்வு வந்தபாடில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பாயிண்ட் போய் பேட்டரி என்றார். பிறகு கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. அன்றிலிருந்து "சென்சார்" என்கிறார். எந்த சென்சார் என்று மட்டும் கேட்கக் கூடாது. 2014-இல் அம்பாசிடரும் 800-ம் ஒரே வருடத்தில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டபோது நிஜமாகவே வருந்தினார். அவர் தொழிலுக்கு அந்த இரண்டு வண்டிகளும் செய்த சேவை அப்படி.

சரி, இவ்வளவு தப்பாகச் சொல்பவரை ஊர் ஏன் இன்னும் நம்புகிறது? அவருடைய வைத்தியம் பலிப்பதுதான் காரணம். எப்படிப் பலிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பழைய காரில் எப்போதும் ஸ்டார்ட் ஆகாத கோளாறு என்பது கோளாறே அல்ல. யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம். வந்து வந்து போகிற கோளாறுதான் குடும்பத்தைக் கெடுப்பது. செங்கல்பட்டில் டீ குடிக்க நிறுத்துகிறீர்கள். திரும்பி வந்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. இக்னிஷன் காயில் பழசு. சூடேறினால் உள்ளே கம்பி விட்டுப்போகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. பெட்ரோல் பம்ப் பக்கத்திலேயே எரிபொருள் ஆவியாகி அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். நாம் ஏர் லாக் என்கிறோம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அரை மணி நேரம் சும்மா இருப்பது.

அந்த அரை மணி நேரத்தில் சும்மா இருக்காத ஒரே ஆள் மாமா. (செங்கல்பட்டிலும் ஒரு மாமா உண்டு.) டெர்மினலுக்கு டீக்கடை வெந்நீர் ஊற்றுவார். ஃப்யூஸ்களைப் பிடுங்கி ஊதிப் போடுவார். ஸ்பேனரால் செல்ஃப் மோட்டார் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார். கார்பன் தேய்ந்த மோட்டாராக இருந்தால் இந்தத் தட்டு நிஜமாகவே வேலை செய்யும் என்பது தனிக் கதை. இதற்குள் காயில் ஆறிவிடும். "இப்போ அடிங்க" என்பார். பிடித்துக்கொள்ளும். டீக்கடையே கைதட்டும். கடைசியாக யார் கை பட்டதோ அவருக்கே பெயர். டயருக்கு அடியில் வைத்து நசுக்கும் எலுமிச்சம்பழமும் இதே கணக்கில்தான் புகழ் பெற்றிருக்கிறது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், இன்ஸ்பெக்‌ஷன் நாளில் பள்ளிக்கூடம் போல வண்டி ஒழுக்கத்தின் உருவமாக நிற்கும். எத்தனை முறை அடித்தாலும் எடுக்கும்.

உண்மையில் வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் ஊருக்கு ஊர் இருக்கிறார். பேச்சு குறைவு, கேள்வி அதிகம். "காலையில எடுக்கலையா, சூட்டுலயா? மழை பெஞ்சுதா? ஹெட்லைட் போட்டுட்டு செல்ஃப் அடிச்சீங்களா, லைட் மங்குச்சா?" என்பார். லைட் அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரியோ கனெக்‌ஷனோ. மங்கவே இல்லை, 'டிக்' சத்தமும் இல்லை என்றால் சாவி ஸ்விட்ச், அல்லது செல்ஃபுக்குப் போகும் மெல்லிய ஒயர். 'டிக்' மட்டும் வந்து லைட் பளிச்சென்று நின்றால் பெரும்பாலும் செல்ஃபின் உள்ளே பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் மேலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்வார். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போச்சு. முடிந்தது விஷயம்.

ஆனால் அவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. "எடுக்காம நிக்கும்போதே கூப்பிடுங்க சார். எதையும் தொடாதீங்க." நியாயமான கோரிக்கை. கோளாறு கண்ணெதிரே இருந்தால்தானே அளக்க முடியும்? அவர் ஸ்கூட்டரை எடுத்து வருவதற்குள் மாமா டெர்மினலைக் கழற்றித் துடைத்து, எர்த்தை ஆட்டி, ஒயரையெல்லாம் இழுத்து, தெருப் பையன்களைக் கூட்டி, "செகண்ட் கியர் போடுங்க, கிளட்ச்சை விடுங்க!" என்று தள்ளவும் வைத்திருப்பார். (அவர் தள்ள மாட்டார். குரல் கொடுப்பார்.) வண்டி ஓடிக்கொண்டிருக்கும். எலக்ட்ரீஷியன் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போவார். கொலை நடந்த வீட்டை போலீஸ் வருமுன் கழுவிக் கோலம் போட்டுவிட்ட புண்ணியவான் மாமா. தப்பாகச் சொன்னாரே என்று கூட நான் குறை சொல்ல மாட்டேன். தடயத்தை அழிக்கிறாரே, அதுதான் பொறுக்கவில்லை.

கார்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எலக்ட்ரீஷியன் கூலி கேட்பார், மாமா இலவசம். கூடவே ஆறுதலும் தருவார். அதனால்தான் பேட்டரி, செல்ஃப், காயில் என்று ஒவ்வொன்றாகப் புதுசு போட்டு, வண்டி விலைக்குச் சமமாகச் செலவழித்த பிறகும், அந்த ஒற்றை எர்த் போல்ட் மட்டும் யார் கையும் படாமல் தளர்ந்தே கிடக்கிறது.

ஆகவே பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களே, அடுத்த முறை வண்டி எடுக்காவிட்டால் ஹெட்லைட்டைப் போட்டு ஒரு முறை சாவியைத் திருப்புங்கள். லைட் என்ன ஆயிற்று, சத்தம் என்ன வந்தது, இன்ஜின் சூடா ஆறியதா, இவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு எலக்ட்ரீஷியனுக்கு போன் போடுங்கள். மாமா வந்தால் மாடிக்கு அழைத்துப் போய் ஃபில்டர் காபி கொடுத்து, அந்தக் கட்டைவிரல் கதையைக் கேளுங்கள். மீட்டர் வைத்துப் பார்த்து முடிக்கும்வரை தயவுசெய்து அவரைக் கீழே விடாதீர்கள்.